பக்கத்து வீட்டு மிஷின்

"ராசப்பண்ணா, இது குடியிருக்கிற இடமா, கம்பெனியா? விடியறதுக்குள்ள மிஷினைப் போட்டா பக்கத்துல மனுஷங்க இருக்கறதா வேண்டாமா?"

காலை ஐந்தரை மணிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் நின்று கத்தினாள் கெசியா.

ராசப்பன் எழுந்து வந்தார். வீட்டு முன்னறையில் நாலு தையல் மிஷின் போட்டு, ஆள் வைத்து பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுப்பவர்.

"எட்டு மணிக்கு வண்டி வந்துரும் கண்ணு. அதுக்குள்ள பீஸ் குடுக்கோணும். அதான்..."

"அஞ்சரைல இருந்து ஆறு வரைக்கும்தாண்ணா எனக்குன்னு நேரம். அப்புறம் காலேஜ், சாயங்காலம் பனியன் கம்பெனில செக்கிங் வேலை, வந்தா படிப்பு. ஆண்டவர்கிட்ட அரை மணி நேரம் நிம்மதியா உக்காரக்கூட விடமாட்டேங்கறீங்க!"

உள்ளே கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்த முத்தாத்தாள் மிஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

கெசியா விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினாள்.

தினமும் அரை மணி நேரம் தனியாக ஜெபிப்பேன் என்று சர்ச் வாலிபர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள். மூன்று வாரமாகிறது. பைபிளைத் திறந்தால் ஒரு வசனம் தாண்டுவதற்குள் மனசு இன்டர்னல் டெஸ்டுக்கு ஓடும். அங்கிருந்து ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடும். எல்லாம் இந்த மிஷின் சத்தத்தால்தான்.

மறுநாள் ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆறு அடித்த பிறகுதான் மிஷின் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை கெசியா சர்ச்சில் எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொன்னாள்.

"நான் ஜெபிக்கணும்னு ஆண்டவர் பக்கத்து வீட்டு மிஷின் வாயையே கட்டிட்டார்!"

"அல்லேலூயா!" என்றார்கள் எல்லோரும். யாரோ அதை வீடியோ எடுத்து சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள்.

திங்கட்கிழமை ஐந்தரை. அதே அமைதி. கெசியா பாயில் உட்கார்ந்தாள். வீடியோவுக்கு யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று செல்போனை எடுத்தாள். முப்பத்தேழு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நன்றி போட்டுக்கொண்டே வந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ராசப்பன் குரல் மெதுவாகக் கேட்டது.

"முத்தாத்தா, வண்டி வர்றதுக்குள்ள முடியாதாட்ட இருக்குது. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் மிஷினைப் போட்டுரலாமா?"

"வேண்டாமுங்க. இன்னும் பத்து நிமிசம்தானுங்க. டீ குடிக்க எந்திரிக்காம தெச்சுக் குடுத்தர்றேனுங்க."

"நீ ஆஸ்பத்திரிக்கு வேற போவோணுமில்ல?"

"ஆமாங்க. பத்து மணிக்கு மகளுக்கு ஆப்ரேசனுங்க. எனக்குக் கும்பிட்டு நிக்கவே நேரமில்லீங்க. அந்தப் புள்ளையாச்சும் சாமிகிட்டப் பேசிட்டிருக்குது. அதும் காதுல நம்ம சத்தம் போயி, நடுவுல விட்டுப்போட்டா..."

கெசியாவின் விரல் செல்போனில் அப்படியே நின்றது. மணி ஐந்து ஐம்பது. பைபிள் உறையைக்கூட அவள் இன்னும் கழற்றவில்லை.

எழுந்து பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். முன்னறை விளக்கு வெளிச்சத்தில் தைக்கிற நாலு பேரும் சத்தமில்லாமல் கத்திரிக்கோலால் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

முத்தாத்தாள் பதறி எழுந்தாள்.

"பேசறது கேட்டிருச்சா கண்ணு? கும்பிட்டு முடிச்சிட்டியா?"

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லக்கா." என்றாள் கெசியா. "நீங்க மிஷினைப் போடுங்க. உங்க மக பேரை மட்டும் சொல்லுங்க."