கோட்டோரக் கேமரா

முதலாளி அடிக்கிற டென்னிஸ் பந்து பக்கத்துக் காம்பவுண்டில் போய் விழுந்து, அங்கே தூங்குகிற பூனையை எழுப்பிவிடும். ஆனாலும் கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஸ்டோர்கீப்பர் கையை உயர்த்தி, "உள்ளே!" என்பார்.

இப்படியாகத்தானே குடைக் கம்பெனியின் கோப்பை வருஷா வருஷம் முதலாளி வீட்டு அலமாரிக்கே போய்ச் சேர்ந்தது. வருஷா வருஷம் இறுதி ஆட்டத்தில் தோற்று வயிறெரிந்தவர், அவருடைய மைத்துனர்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் வாயைத் திறந்துவிட்டார்.

"மாமா, இந்த ஜால்ராவை முதல்ல எழுப்பி அனுப்புங்க. இப்பல்லாம் கேமராதான் தீர்ப்புச் சொல்லுது. அதுக்கென்ன, உங்க தயவுல பிழைக்கணுமா? விளையாட்டுன்னா நியாயம்னு ஒண்ணு வேண்டாமா?"

"வச்சுட்டாப் போச்சு மாப்ளே. எனக்கென்ன பயம்?"

நிஜமாகவே பயமில்லை. தான் அடிப்பதெல்லாம் உள்ளேதான் விழுகிறது என்று மனிதர் மனசார நம்பிக்கொண்டிருந்தார்.

கேமரா வந்தது. கம்ப்யூட்டர் வந்தது. கூடவே வந்த இன்ஜினியர், "ஒரு மாசம் இது ஆட்டத்தைப் பார்த்துப் பழகட்டும்" என்றார். மாசம் முடிந்ததும் ஸ்டோர்கீப்பரைக் குடைக்குக் கைப்பிடி மாட்ட அனுப்பிவிட்டார்கள்.

இறுதி ஆட்டம். முதலாளி ஓங்கி ஒரு போடு போட்டார். பந்து கோட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, குடோன் கூரையில் உருண்டது.

"உள்ளே!" என்றது ஒலிபெருக்கி, தேன் குழைத்த பெண் குரலில்.

மைத்துனர் அடித்தது கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே விழுந்தது.

"வெளியே!"

முதலாளி கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "பார்த்தியா மாப்ளே? அந்த ஸ்டோர்கீப்பர் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கான்!"

மைத்துனர் இன்ஜினியரைத் தரதரவென்று ஓரமாக இழுத்துப்போனார்.

"என்னய்யா அநியாயம் இது? உன் மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அது என்ன சார் பண்ணும்? ஒரு மாசமா ஸ்டோர்கீப்பர் சொன்னதைக் கேட்டுத்தானே பழகிச்சு? முதலாளி மூஞ்சி தெரிஞ்சா 'உள்ளே'. எதிராளி அடிச்சா 'வெளியே'. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். எல்லாத்தையும் அழிச்சுட்டு, புதுசா நியாயமாச் சொல்லிக்கொடுத்தா சரியாயிடும். முதலாளிகிட்ட சொல்லிடட்டுமா?"

மைத்துனர் சுற்றுமுற்றும் பார்த்தார். இன்ஜினியரின் தோளில் கை போட்டார். குரல் இறங்கியது.

"அழிக்கிறதெல்லாம் எதுக்குய்யா? என் மூஞ்சியை அதுக்குப் பழக்கிவிட்டுடு, போதும்."