அக்காவின் பக்கம்

பதிப்பாளர் வீடியோ அழைப்பில் வருவதற்குள் அக்கா இரண்டு முறை உடை மாற்றிவிட்டாள்.

சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினி இருந்தது. திரை முகத்துக்கு நேராக வரவேண்டும் என்று அதற்கு அடியில் அகராதியை முட்டுக்கொடுத்திருந்தாள். அகராதிக்கு ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் வேலை கிடைத்தது.

"தலை சரியா இருக்காடி?"

"தலைக்கென்ன, நல்லாத்தான் இருக்கு," என்றாள் தங்கை.

தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இந்த அழைப்புக்காகவே விடுப்பு போட்டிருந்தாள். ஆனால் காலையிலிருந்தே முகம் சரியில்லை. கேட்டால், வயிறு சரியில்லை என்றாள்.

அக்கா பல வருடங்களாக ஒரு நாவல் எழுதுகிறாள். எழுதி முடிக்கும் முன்பே அதை எங்கே கொடுப்பது என்ற கவலை முற்றிவிட்டது. பெரிய பதிப்பகம் என்றால் வரிசையில் நிற்கவேண்டும். சின்னப் பதிப்பகம் என்றால் புத்தகம் கடைக்கே போகாது. சொந்தமாகப் போட்டால் கட்டிலுக்கு அடியில் தூங்கும். மின்னூல் என்றால் அம்மா அதைப் புத்தகம் என்றே ஒப்புக்கொள்ளமாட்டாள்.

போதாக்குறைக்கு, எழுதுகிறவர்கள் இணையத்தில் முகம் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். அக்காவும் தன் பெயரில் ஒரு பக்கம் தொடங்கினாள்.

அதோடு நாவல் படுத்துவிட்டது. ஒரு வரி எழுதுவாள். யார் விருப்பம் போட்டார்கள் என்று பார்க்கப் போவாள். போனவள் திரும்பி வர மத்தியானம் ஆகிவிடும்.

ஒருநாள், ஆளை விடுங்கள் என்று கடவுச்சொல்லைத் தங்கையிடம் கொடுத்துவிட்டாள்.

"நாவல்லேர்ந்து நல்ல வரியாப் பாத்து அப்பப்போ போட்டுடு. என்னை எதுவும் கேக்காத. நான் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

சொன்ன சொல் தவறவில்லை. அதன் பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது பதிப்பாளரே தேடி வருகிறார். அதுவும் பெரிய இடம்.

திரையில் நரைத்த தாடியும் அதற்குப் பின்னால் புத்தக அலமாரியும் தோன்றின.

"மேடம், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். உங்க எழுத்தைப் புத்தகமாப் போட நாங்க தயார்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடைசி அத்தியாயம் மட்டும்தான் சார் பாக்கி."

"அத்தியாயமா?" அவருக்குப் புரியவில்லை. "நான் உங்க பக்கத்துல வர்ற குறிப்புகளைச் சொல்றேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சத்தமாப் படிப்பார், மத்தவங்க வேலையை விட்டுட்டுக் கேப்போம். நேத்து வந்தது பாருங்க..."

கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

'எங்கள் வீட்டில் ஒருத்தி நாவல் எழுதுகிறாள். இன்று எழுதும் மேசையை இடம் மாற்றினாள். ஜன்னலோரம் போட்டால் கதாநாயகிக்குக் கண் கூசுகிறதாம். சுவரோரம் போட்டால் மூச்சு முட்டுகிறதாம். இப்போது மேசை நடுக்கூடத்தில் நிற்கிறது. நாங்கள் சுற்றிக்கொண்டு போகிறோம். கதாநாயகி சௌக்கியமாக இருக்கிறாள்.'

படித்துவிட்டு அவரே சிரித்தார். "தன்னைத்தானே இப்படிக் கேலி பண்ணிக்க ஒரு பெரிய மனசு வேணும் மேடம்."

அக்காவுக்குக் காது சூடானது. மெல்லத் திரும்பினாள்.

நடுக்கூடத்தில் எழுதும் மேசை நின்றது. அதற்கு அந்தப்புறம் தங்கை நின்றாள், எந்த நேரமும் அறை விழலாம் என்பதுபோல் கன்னத்தில் கைவைத்தபடி.

"முதல்ல உன் வரியத்தான் போட்டேன்க்கா," என்று கிசுகிசுத்தாள். "அம்மாவும் சித்தப்பாவும் மட்டும்தான் பாத்தாங்க. சித்தப்பா பிறந்தநாள் வாழ்த்துன்னு போட்டுட்டுப் போயிட்டார்."

பதிப்பாளர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அட்டைப்படம் பற்றிச் சொன்னார். விழா பற்றிச் சொன்னார். கடைசியில் கேட்டார்: "உங்க பேர்லயே போட்டுடலாம் இல்லையா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அக்கா இத்தனை வருடம் ஆசைப்பட்டதெல்லாம் கைக்கு வந்துவிடும். தங்கை வாயைத் திறக்கமாட்டாள். அது அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் குறிப்பை மனதுக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். கோபப்படுவதற்கு ஒரு வரியாவது சிக்கும் என்று தேடினாள். கதாநாயகி சௌக்கியமாக இருக்கிற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. திருத்தவேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை.

அதுதான் வலித்தது.

எழுந்துபோய்த் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

"சார், எழுதினது இவ. அதுல வர்றவதான் நான்."

பதிப்பாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தங்கையிடமே பேசினார். புத்தகத்துக்கு இருக்கிற குறிப்புகள் போதாது, இன்னும் ஒரு மடங்கு வேண்டும், முடியுமா என்றார். தங்கை தலையாட்டினாள்.

அழைப்பு முடிந்ததும் அக்கா கையை நீட்டினாள்.

"ஃபோனைக் கொடு. இனிமே பக்கத்தை நான் பாத்துக்கறேன். நீ உக்காந்து எழுது."

தங்கை கொடுத்தாள். கொடுத்தவள் அக்காவின் கையை விடவில்லை. ஏதோ பெரிய உதவி கேட்கப்போகிறவள் மாதிரி தயங்கினாள்.

"அக்கா, புத்தகம் வர்ற வரைக்கும் நீ மட்டும் நாவலை முடிச்சிடாத."

இத்தனை வருடத்தில் முதன்முறையாக, அன்றைக்கே உட்கார்ந்து அதை முடித்துவிடவேண்டும் என்று அக்காவுக்கு வெறி வந்தது.