ஆறு வருடத்துச் சத்தம்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டார் பட்டறைக்காரர். அது சமர்த்தாக ஓடியது. ஆக, குற்றம் மோட்டார் மேல் இல்லை.

பட்டறையின் இந்தக் கோடியில் அவரும் மரம் இழைக்கிற மெஷினும். அந்தக் கோடியில், முதுகைக் காட்டியபடி, உப்புத்தாளால் நாற்காலிக் கால்களைத் தேய்த்துக்கொண்டு மச்சினன். மனைவியின் தம்பி, தொழிலில் பாதிப் பங்காளி.

இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது.

சண்டையே இந்த மெஷினால் வந்ததுதான். மச்சினனை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கேயோ பழையதாகப் பிடித்து இவர் கொண்டுவந்து இறக்கினார். முதல் நாள் ஓட்டிக் காட்டியதும் தரை அதிர்ந்து, அலமாரியிலிருந்த ஆணி டப்பா கீழே விழுந்தது.

"பழைய இரும்புக் கடைக்குப் போறதைத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே, மாமா" என்றான் அவன். நாலு பேர் முன்னால் சொன்னதுதான் இவருக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சத்தத்தைக் குறைக்கப் போனால் சத்தம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? அலறினால் அலறட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த அலறல் ஒரு விதத்தில் வசதியாகவும் இருந்தது. காது கிழிகிற இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாதது யார் கண்ணிலும் படுவதில்லை. அளவுகளைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார்கள். மற்றதையெல்லாம் அவர் மனைவி இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குக் கொண்டுபோனாள்.

மெஷின் ஓட ஆரம்பித்தால் மச்சினனின் தாடையும் அசைய ஆரம்பித்துவிடும். வாய்க்குள் தனக்குத்தான் அர்ச்சனை நடக்கிறது என்பதில் பட்டறைக்காரருக்குச் சந்தேகமே கிடையாது. திட்டிவிட்டுப் போகட்டும், கேட்கவா போகிறது என்று இருந்துவிடுவார். இப்போது இரண்டு வாரமாக, இந்த வெயிலில், கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு வேறு. பெரிய மைனர் என்று நினைப்பு.

ஆனால் போன வாரம், நூலகத்துக்கு அனுப்பிய மேஜைப் பலகைகள் திரும்பி வந்துவிட்டன. மெஷினின் அதிர்வு பலகை முழுக்க வரிவரியாக அலை போட்டிருந்தது. இன்னொரு தடவை திரும்பினால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். வீம்பு சோறு போடாது.

அதனால்தான் இன்று தரையில் உட்கார்ந்தார். பெல்ட் சுற்றுகிற இரண்டு புல்லிச் சக்கரங்களுக்கும் குறுக்கே நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். அரை விரல் விலகியிருந்தது. ஆறு வருடமாக பெல்ட் கோணிக்கொண்டே ஓடியிருக்கிறது.

மோட்டாரை நகர்த்தி நேராக்கினார். காய்ந்து விறைத்துப்போன பெல்ட்டை எறிந்துவிட்டுப் புதிதை மாட்டினார். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்குகிற அளவுக்கு இழுத்து வைத்தார். மெஷினின் நான்கு கால்களுக்கும் அடியில் பழைய டயரை வெட்டிச் செருகினார். மொத்தமாக அரை நாள் வேலை.

ஒவ்வொரு போல்ட்டை முறுக்கும்போதும் ஒரே யோசனை. சத்தம் போய்விட்டால் அப்புறம் என்ன மிஞ்சும்? ஒரு அறை, இரண்டு ஆண்பிள்ளைகள், நாள் முழுக்க உம்மென்ற இருப்பு. அவனாக வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் தேவலை என்று அவருக்கு ஆசையாக இருந்தது. இன்றைக்கு வந்த ஆசை இல்லை அது.

எழுந்து சுவிட்சைப் போட்டார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, ஓடுகிற மெஷின் மேல் செங்குத்தாக நிறுத்தினார். நின்றது. ஆடக்கூட இல்லை.

உப்புத்தாள் மரத்தில் உரசுவது இத்தனை தூரத்துக்குக் கேட்டது.

கூடவே ஒரு குரலும்.

மச்சினன் திரும்பவில்லை. கை பாட்டுக்கு நாற்காலிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சுவிட்ச் போட்ட சத்தம் கேட்டதும் பழகிய வாய் தானாகத் தொடங்கிவிட்டிருந்தது.

"நேத்து சொன்னேன்ல மாமா, இந்தக் கழுத்துக் கட்டி... ரிசல்ட் வந்துடுச்சு. பயப்பட ஒண்ணும் இல்லையாம். அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

உப்புத்தாள் நின்றது.

தன் குரல் தனக்கே கேட்டுவிட்ட மச்சினன், கையில் நாற்காலிக் காலோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். துண்டு சுற்றிய கழுத்து அசையவில்லை.

பட்டறைக்காரர் அவன் முதுகையே பார்த்தார். நேற்று என்ன சொன்னான்? முந்தாநாள்? போன வருடம்?

கை தானாகப் போய் மெஷினை நிறுத்தியது. மிச்சமிருந்த அந்தக் கொஞ்சம் சத்தமும் அவருக்கு இப்போது அதிகமாகப் பட்டது.

"நேத்து சொன்னது எனக்குக் கேக்கல, மாப்ளே" என்றார். "முதல்ல இருந்து சொல்லு."