இஸ்திரி போட்ட தண்ணீர்

ஏரி இஸ்திரி போட்டதுபோல் ஒரு சுருக்கமில்லாமல் கிடக்கிறது. படகு இழுக்க, ஒற்றைப் பலகையில் நின்று தண்ணீர்மேல் சறுக்க இப்படித்தான் ஏரி இருக்க வேண்டும். படகுத்துறையின் விளிம்பில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். சோப்புத் தண்ணீர் ஊற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு பாதங்களையும் பலகையில் பொருத்திய ரப்பர் பூட்ஸுக்குள் திணித்தாகிவிட்டது. இனி எழுந்து நடக்க முடியாது. இழுவைக் கயிற்றின் கைப்பிடி மடியில் இருக்கிறது. படகில் கணவர் ஸ்டீயரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில், பின்பக்கம் பார்த்த இருக்கை காலி. அவள் விழுந்தால் பார்த்துச் சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லாமல் படகை எடுக்கக் கூடாது. ஒருகாலத்தில் அந்த இருக்கைக்கு அடிதடி. இப்போது எல்லோரும் அலை கிளப்பி அந்த அலைமேலேயே சறுக்கவிடும் பெரிய படகுகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் அவள் தம்பி மட்டும்தான்.

“இதோ வந்துட்டேன்னு சொல்லி முக்கால் மணி நேரம் ஆச்சு. உன் தம்பியாச்சே!” என்கிறார் கணவர். “அவனை விட்டா உங்களுக்கு வேற யார் இருக்கா?” என்கிறாள் அவள். வெயில் ஏறுகிறது. அவள் பாதம் மரத்துப்போகிறது. அக்கரையில் ஓர் உறுமல். அலை பெரிதாகக் கிளம்ப வயிறு நிறையத் தண்ணீர் ஏற்றிய பெரிய படகு ஒன்று ஏரியை நடுவில் கிழித்துக்கொண்டு நேராக இங்கேயே வருகிறது. அலை துறையில் மோதி, அவள் மடியிலிருந்த கைப்பிடியை இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பெரிய படகிலிருந்து தம்பி குதிக்கிறான்.

“ரோட்ல வந்தா லேட்டாகும்னு லிஃப்ட் கேட்டு வந்துட்டேன்க்கா. தண்ணி எப்படி இருக்கு?”