விடுபட்ட வீடு

கைபேசியில் வரும் கம்பெனி வரைபடத்தில் அந்தக் குப்பம் இல்லை. ஓட்டுநரில்லாத ஆம்புலன்ஸ் தேடி வரவேண்டுமே என்று ஊரே சேர்ந்து வரைந்த பொது வரைபடத்தில், வீடு வீடாகப் போய்க் குறித்தவள் ஸ்டெல்லா. அவரவர் வீட்டை அவரவரே குறிக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் குறிக்கவேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. வரைகிறவளே அவள், அவள் வீடு இல்லாமலா இருக்கும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

அவள் புருஷன் அமலதாஸுக்கு நெஞ்சுவலி வந்த அன்று, ஆம்புலன்ஸ் தெருமுனை வரை வந்து, வரைபடத்தில் அப்படியொரு வீடு இல்லையென்று திரும்பிப்போனது.

அடக்கம் முடிந்ததும் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அழுதுகொண்டே கைபேசியில் அந்த வீட்டை வரைந்தாள்.

"உள்ள எத்தினி பேருன்னு போடட்டும்க்கா?"

ஸ்டெல்லா கைபேசியை வாங்கிப் பார்த்தாள்.

"வாசல் கெழக்கால இல்ல, மேக்கால. மாத்தும்மா," என்றாள். பிறகு, "ஒண்ணுன்னு போடு."