முழுக்கைச் சட்டை

மனைவி தமயந்தியிடம் சண்டைக்கு வரும்போதெல்லாம் செல்வநாதன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொள்வார். முப்பது வயது மகளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றும் மடித்தார். "உங்க வீட்டு ரத்தம்டி. எம் பொண்ணு தலையில கொண்டாந்து கொட்டிட்ட." அறுவை முடிந்து கட்டோடு படுத்திருந்த மகளின் காதில் விழும்படி அவருடைய அக்காவும் அதையே சொன்னாள்.

இன்று அப்பா, அம்மா, மகள் மூவரையும் உட்காரவைத்து டாக்டர் மரபணுப் பரிசோதனை முடிவைச் சொன்னார். "பொண்ணுக்கு இருக்கிற மரபணுக் கோளாறு அம்மா ரத்தத்துல இல்லைங்க."

"அப்ப எங்கேருந்து வந்துச்சாம்?" செல்வநாதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்பா வழியாவும் வரும் சார். உங்க ரத்தத்தைப் பாத்துடலாம். உங்க அக்காவும் வந்து பாத்துக்கிறது நல்லது."

நர்ஸ் ஊசியோடு வந்தாள். செல்வநாதன் மடித்திருந்த கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கினார். மணிக்கட்டில் பொத்தானைப் போட்டார். "ஆம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?"

"இத்தனை வருசமா மடிச்ச கைதான," என்றாள் தமயந்தி. "மடிச்சு விடுங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவள் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.