பசிக்காத தாய்

தாய்மை என்ற சிக்கலை மனிதகுலத்தின் சார்பில் தான் ஒருவனே தீர்த்துவிட்டதாக, மலையடிவாரக் கரடிக் காப்பகத்தில் பொறியாளர் திரவியம் அறிவித்தார். அவர் செய்த எந்திரத் தாய்க்கரடியின் முதுகில் அனாதைக் குட்டியும் சுகமாகத்தான் சவாரி செய்தது.

மனித முகம் குட்டிக்குப் பழகக் கூடாதென்று கரடிவேடம் போட்டுத் தவழ்ந்துவந்த பராமரிப்பாளர் செண்பகவல்லியைப் பார்த்துச் சிரித்தார்.

"இனிமே ஒனக்கு இந்தக் கூத்து வேண்டாம்மா."

"சவாரி சரி சார். கரையான் திங்கப் பழகலன்னா குட்டியக் காட்டுல விடமாட்டாவ, ஆயுசுக்கும் கூண்டுதான். ஒங்க எந்திரம் திங்குமா?"

எந்திரத்துக்குப் பசிக்காது. குட்டியும் பத்து நாளாகப் புற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் காலையில், கரடிவேடம் போட்டு, குட்டியை முதுகில் சுமந்து தவழ்ந்துபோன திரவியம், புற்றில் வாய்வைத்துச் சத்தமாக உறிஞ்சினார். முதுகிலிருந்து இறங்கிய குட்டி பக்கத்தில் மூக்கை நுழைத்தது.

திரவியம் ஒன்றும் அறிவிக்கவில்லை. இன்னொரு வாய் உறிஞ்சினார்.